கிராக்: ஒரே சத்தத்துல இருந்து கிளம்பின அத்தனை அர்த்தத்தையும் பிடிச்சுக்கறது எப்படி

இங்கிலீஷ்ல கிராக்ங்கற சொல்லை டிக்‌ஷனரில தேடினா மலைப்பா இருக்கும். விரிசல்னு போட்டிருக்கும், அடுத்த வரில ஜோக் அடிக்கறதுனு இருக்கும், அதுக்கு கீழ பாஸ்வேர்டை உடைக்கறது, விடியற நேரம், ஒரு முயற்சி, கில்லாடி டீம், புத்தி பேதலிச்சவன், ஒரு போதைப்பொருள்னு போயிட்டே இருக்கும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன சம்பந்தம்னே புரியாது. இதை ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ண உட்காராதீங்க, மண்டைல நிக்காது. இந்த சொல்லோட வேர் ஒரு சத்தம். அந்த சத்தம் காதுல சரியா விழுந்துட்டா அங்க இருந்து மூணு வழி பிரியறது தெரியும், உடையற வழி, பேசற வழி, சொடுக்கற வழி, அப்புறம் எந்த அர்த்தம் எதிர்ல வந்தாலும் அது எந்த வழில வந்துச்சுனு பாத்தா போதும்.

மொதல்ல சத்தத்தை பிடிங்க

நல்லா காஞ்ச ஒரு சுள்ளியை எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா வளைச்சு பாருங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காது, குச்சி வளைஞ்சு கொடுக்கும், கைக்கு எதிரா விறைச்சுக்கிட்டு நிக்கும், அப்புறம் கண்ணிமைக்கற நேரத்துல படக்னு ஒடியும். வளைக்கறப்போ நாம கொடுத்த சக்தி அத்தனையும் குச்சிக்குள்ள சேந்து நின்னு, ஒடியற அந்த கணத்துல மொத்தமா வெளிய வருது, அதான் சத்தம் அவ்ளோ கூர்மையா கேக்குது. அதே குச்சி பச்சையா இருந்தா நார் நாரா பிஞ்சு வரும், அதை யாரும் கிராக்னு சொல்ல மாட்டாங்க. ஆக கெட்டியான இல்ல காஞ்சு போன ஒரு பொருள், திடீர்னு, ஒரே ஒரு தடவை, சுருக்கா போடற சத்தம், அதுதான் கிராக்.

பக்கத்துல நிக்கற சொற்களோட குழப்பிக்காம இருக்கறது முக்கியம். கிராஷ்னா பல பொருள் ஒண்ணா சரியற சத்தம், கொஞ்சம் நீளமா இழுக்கும். கிரீக்னா பழைய கதவு போடற கிறீச். கிரஞ்ச்னா நொறுக் நொறுக்னு மெல்றப்போ வர்றது. ஸ்னாப்தான் கிராக்குக்கு ரொம்ப நெருக்கம், ஆனா அது இன்னும் மெல்லிசான சத்தம், மெல்லிசான பொருள் ரெண்டா போறதுக்கு வரும். விரலை வச்சே வித்தியாசம் காட்டிடலாம், சொடக்கு போட்டா ஸ்னாப், நெட்டி முறிச்சா கிராக்.

தமிழ் பேசறவங்க இதை யூஸ் பண்றப்போ ஒரு இடத்துல தயங்குவாங்க, அதுக்கு காரணம் நம்ம இலக்கணத்துலயே இருக்கு. நம்மகிட்ட சத்தச் சொற்களுக்கு பஞ்சமே இல்ல, தொல்காப்பியம் இரட்டைக்கிளவிக்குனு தனியா ஒரு சூத்திரமே வச்சிருக்கு, அவை இரட்டையாவேதான் வரும், பிரிச்சா நிக்காதுனு சொல்லுது. ஆனா நம்ம சத்தச் சொல் பெரும்பாலும் ஒரு "னு" போட்டுக்கிட்டு வேற ஒரு வினையோட தோள்ல சாஞ்சுதான் நிக்கும், படக்னு ஒடிஞ்சுது, சடசடனு முறிஞ்சுது, டமார்னு விழுந்துச்சு. இங்கிலீஷ்ல அந்த சத்தமே நேரா வினையாயிடும், அதே சத்தமே பெயர்ச்சொல்லும் ஆயிடும். "த ஸ்டிக் கிராக்ட்"னா முடிஞ்சது, மேல ஒண்ணும் சேக்க வேண்டாம். "கிராக் சவுண்ட் கேம் ஃப்ரம் த ஸ்டிக்"னு சுத்தி வளைக்காதீங்க, "ஐ ஹெர்ட் எ கிராக்" போதும்.

உச்சரிப்புல ரெண்டு விஷயம். நாம கி-ராக்-குனு மூணு அசையா பிரிச்சுடுவோம், அவங்களுக்கு அது ஒரே அசை. ககரமும் ரகரமும் நடுவுல இகரம் இல்லாம ஒட்டி வரணும், கடைசி க் வாயை மூடற மாதிரி டக்குனு நிக்கணும், பின்னாடி உகரம் வரக்கூடாது. நடுவுல இருக்கற உயிர், பேட் பால்னு சொல்றப்போ பேட்ல வர்றது, ஆவுக்கும் ஏவுக்கும் இடைப்பட்டது, வாயை அகலமா தொறந்தாதான் வரும். இறந்தகாலத்தை கிராக்கெட்னு இழுக்காதீங்க, அது கிராக்ட், அதுவும் ஒரே அசைதான். சத்தமா நாலு தடவை சொல்லி பாருங்க, சொல்லே சுள்ளி மாதிரி ஒடியறது கேக்கும்.

எங்க இருந்து வந்துச்சு

பழைய இங்கிலீஷ்ல, அதாவது சுமார் 900 வருஷத்துக்கும் முன்னாடி பேசின இங்கிலீஷ்ல, இதோட வடிவம் கிராகியன். அப்போ அதுக்கு கூர்மையா சத்தம் போடறதுங்கற அர்த்தம்தான். ஜெர்மன்ல கிராகென், டச்சுல கிராகன்னு சொந்தக்கார சொற்கள் ரெண்டுலயும் அந்த சத்தம் இன்னும் கேக்குது. உடையறதுங்கற அர்த்தம் அப்புறம்தான் ஒட்டுச்சு, உடைஞ்ச இடத்துல தெரியற கோட்டுக்கு, அதாவது விரிசலுக்கு, அதே பேர் வந்தது 14, 15ஆம் நூற்றாண்டு வாக்குல. சத்தம் மொதல்ல, உடையறது அடுத்து, உடைஞ்ச அடையாளம் கடைசியா.

இந்த நடை நமக்கு புதுசே இல்ல, நம்ம வெடிங்கற சொல் அதே வழிலதான் நடக்குது. பட்டாசு வெடிக்குது, அது சத்தம். காஞ்ச நிலம் வெடிச்சு கிடக்கு, அது விரிசல். குதிகால்ல வர்றது பித்தவெடிப்பு, இங்கிலீஷ்ல அதுக்கு பேரு கிராக்ட் ஹீல்ஸ். வெடிச்சு சிரிச்சான்னு சொல்றோம், அவங்க கிராக்ட் அப்னு சொல்றாங்க. கிராக் எங்கயாவது புரியாம நின்னா மொதல்ல வெடியை அந்த இடத்துல போட்டு பாருங்க, பல தடவை கதவு தொறந்துடும்.

உடையற வழி

இதுதான் பெரிய வழி. மொத விதி, கிராக் ஆன பொருள் பெரும்பாலும் இன்னும் ஒண்ணாத்தான் இருக்கும். "த கப் இஸ் கிராக்ட்"னா கப்புல கீறல் விழுந்திருக்கு, இன்னும் தண்ணி குடிக்கலாம். "புரோக்கன்"னா உடைஞ்சே போச்சு. போன் ஸ்கிரீன் விஷயத்துல இந்த வித்தியாசம் நல்லா வேலை செய்யும், ஸ்கிரீன்ல கோடு விழுந்து டச் வேலை செஞ்சா கிராக்ட், டிஸ்பிளேவே வரலனா புரோக்கன்னு சொல்லுங்க, ரிப்பேர் பண்றவருக்கு ஒரே சொல்லுல விஷயம் போய் சேந்துடும்.

உள்ள ஏதாவது வேணும்னு மேல் ஓட்டை உடைக்கறதுக்கும் கிராக்தான். முட்டை, கொட்டை எல்லாம் இதுல வரும். அங்க இருந்து ஒரு தாவு தாவினா கஷ்டமான பிரச்சனை ஒரு கொட்டை, அதை உடைச்சா உள்ள விடை, அதான் கோட் கிராக் பண்றது, கேஸ் கிராக் பண்றது, பெட்டகத்தை கிராக் பண்றது எல்லாம். "எக்ஸாம் கிராக் பண்ணிட்டேன்"னு நாம தாராளமா சொல்றோம், இந்திய இங்கிலீஷ்ல அது முழுக்க செல்லும், ஆனா பிரிட்டிஷ், அமெரிக்க ஆட்கள் கிட்ட பேசறப்போ பாஸ்ட் இல்ல ஏஸ்ட்னு சொல்றது இயல்பா இருக்கும். கம்ப்யூட்டர் உலகத்துல 1985 வாக்குல ஒரு சண்டை நடந்துச்சு, திருட்டுத்தனமா உள்ள பூர்றவனை பத்திரிகைகள் ஹேக்கர்னு எழுத ஆரம்பிச்சதும், தொழில்நுட்பத்தை ரசிச்சு நோண்டற நிஜமான ஹேக்கர்கள் கோவப்பட்டு, அவனை கிராக்கர்னு கூப்பிடுங்கனு சொன்னாங்க. அவங்க நியாயம் எனக்கு சரியாவே படுது, ஆனா அந்த பேரு பொதுமக்கள் வாய்ல பெருசா ஒட்டல. பாஸ்வேர்டை மட்டும் இன்னும் கிராக் பண்றோம்னுதான் சொல்றாங்க. கச்சா எண்ணெய்ல பெரிய மூலக்கூறை சூடு பண்ணி சின்னதா உடைச்சு பெட்ரோல் எடுக்கறதுக்கும் பேரு கிராக்கிங், அமெரிக்காவுல வில்லியம் பர்ட்டன் 1913ல பேட்டன்ட் வாங்கின முறை பெரிய அளவுல ஓடுச்சு. அங்க சத்தம் கித்தம் எதுவும் கிடையாது, சொல் மட்டும் சத்தத்துல பொறந்தது.

இப்போ ரொம்ப கவனமா இருக்க வேண்டிய இடம். அமெரிக்காக்காரர் யாராவது கார்ல உக்காந்துக்கிட்டு "குட் யூ கிராக் த விண்டோ?"னு கேட்டா கண்ணாடியை உடைச்சுடாதீங்க, லேசா இறக்கி விடச் சொல்றார். விரிசல் எவ்ளோ இருக்குமோ அவ்ளோதான் தொறக்கணும், அதான் கணக்கு. கதவுக்கும் இதே. ஆனா "ஹூ கிராக்ட் த விண்டோ?"னு குரலை உயர்த்தி கேட்டா அது விரிசல் விட்ட ஆளை தேடற கேள்வி. சொல்லு ஒண்ணே, தொனியும் சூழ்நிலையும்தான் முடிவு பண்ணும். "ஸ்லிப் த்ரூ த கிராக்ஸ்"னா கவனிக்க வேண்டிய ஆளோ விஷயமோ இடுக்குல நழுவி யார் கண்ணுலயும் படாம போறது, ஆபீஸ் மெயில்ல அடிக்கடி வரும்.

மனசும் குரலும் கூட கெட்டியான பொருள் மாதிரிதான். அழுகை முட்டிக்கிட்டு வர்றப்போ குரல் உடையும், "ஹெர் வாய்ஸ் கிராக்ட்". பிரஷர் தாங்காம உண்மையை கக்கினாலோ நிலைகுலைஞ்சாலோ "ஹி கிராக்ட்". 17ஆம் நூற்றாண்டுல இருந்தே கிராக்டுக்கு புத்தி சரியில்லாதவன்ங்கற அர்த்தம் இருக்கு, கிராக்பாட்ல இருக்கற பாட் பானையைக் காட்டி மண்டையைச் சொல்ற பழைய ஸ்லாங், விரிசல் விட்ட மண்டைனு அர்த்தம். நாம கிராக்குனு திட்டறதும் அதே குடும்பம்தான். இந்த ஒரு அர்த்தத்தை புரிஞ்சுக்க மட்டும் வச்சுக்கங்க, வாய்ல எடுக்காதீங்க, மனநலம் சரியில்லாத ஒருத்தரையோ அவர் குடும்பத்தையோ அது நேரா போய் குத்தும். இன்னொண்ணு, கிராக்கினு நாம சொல்றது, வெங்காயத்துக்கு கிராக்கினு சொல்ற அந்த சொல்லுக்கும் இதுக்கும் துளி சம்பந்தம் கிடையாது.

பேசற வழி

பலருக்கு தெரியாத வழி இது, எனக்கு ரொம்ப பிடிச்சதும் இதுதான். சத்தம்னா வாய் போடற சத்தமும் சேத்திதானே. இடைக்கால இங்கிலீஷ்லயே கிராக்னா சத்தமா பேசறது, பீத்திக்கறது. அந்த கிளைலதான் கிராக் எ ஜோக் முளைச்சுது, ஜோக்கை யாரும் அங்க உடைக்கல, சத்தமா எடுத்து விடறாங்க. கிண்டலா பளிச்னு ஒண்ணு சொன்னா வைஸ்கிராக். "இட்ஸ் நாட் ஆல் இட்ஸ் கிராக்ட் அப் டு பீ"ங்கற வாக்கியம் நிறைய பேரை திணறடிக்கும், அங்க கிராக்ட் அப்னா புகழப்பட்டதுனு அர்த்தம், ஊரெல்லாம் புகழ்ற அளவுக்கு இது ஒண்ணும் இல்லனு சொல்றாங்க.

ஸ்காட்லாந்துலயும் வட இங்கிலாந்துலயும் கிராக்னா அரட்டை, ஊர் சேதி. "வாட்ஸ் த கிராக்?"னா என்ன விசேஷம். அது அயர்லாந்துக்கு போய், ஐரிஷ் மொழில அவங்க எழுத்து முறைப்படி வேற ஸ்பெல்லிங் போட்டுக்கிட்டு, சி, ஆர், ஏ, ஐ, சினு, கலகலப்பான நேரம்ங்கற அர்த்தத்தோட திரும்ப இங்கிலீஷுக்கே வந்துடுச்சு. இப்போ பல பேர் அதை ஆதிகால ஐரிஷ் சொல்லுனே நம்பறாங்க, ஆனா வேர் இந்த சத்தம்தான். டப்ளின்ல யாராவது நைட்டு கிராக் நல்லா இருந்துச்சுனு சொன்னா பதறாதீங்க, நல்லா சிரிச்சு பேசிக்கிட்டு இருந்தோம்னுதான் சொல்றாங்க.

ஊரே பேசற அளவுக்கு கெட்டிக்காரனா இருந்தா அவனும் கிராக். 18ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து இது உரிச்சொல்லா வருது, கிராக் ஷாட்னா குறி தப்பாத ஆள், கிராக் டீம்னா பொறுக்கி எடுத்த கில்லாடிகள். இங்க ஒரு இலக்கண விதி இருக்கு, இந்த அர்த்தத்துல அது பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி மட்டும்தான் வரும். "எ கிராக் டீம்" சரி, "த டீம் இஸ் கிராக்"னு எழுதினா யாருக்கும் புரியாது, "த டீம் இஸ் கிராக்ட்"னு எழுதினா அவங்களை பைத்தியம்னு சொன்ன மாதிரி ஆயிடும். கிரிக்கெட் கமென்ட்ரில அபாரமான பந்தை எ கிராக்கர் ஆஃப் எ டெலிவரினு சொல்றாங்க பாருங்க, அதுவும் ஒரு பாராட்டுதான்.

சொடுக்கற வழி

சாட்டையை சொடுக்கறதுக்கு இங்கிலீஷ்ல கிராக் த விப். அந்த சத்தம் சாட்டை எதுலயோ அடிச்சதால வர்றது இல்ல, காத்துலயே வர்றது. கைப்பிடி கிட்ட உண்டான ஒரு வளையம் சாட்டை மேல ஓடிக்கிட்டே போகும், சாட்டை போகப் போக மெலிஞ்சுக்கிட்டே வர்றதால அந்த வளையத்தோட வேகம் கூடிக்கிட்டே போயி, கடைசில செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்ங்கற ஒலியோட வேகத்தையே தாண்டிடும். நாம கேக்கறது ஒரு குட்டி சோனிக் பூம். மின்னலுக்கு பின்னாடி வர்ற இடியும் காத்தோட வேலைதான், மின்னல் ஓடற பாதைல காத்து சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாகி ஒரே கணத்துல விரியுது. பக்கத்துல விழுந்த இடிதான் கிராக்னு கேக்கும், தூரத்து இடி உருள்ற மாதிரி கேக்கும், அதுக்கு ரம்பிள்னு வேற சொல் இருக்கு, ரெண்டையும் மாத்தி போடாதீங்க.

ஷேக்ஸ்பியரோட மெக்பெத்ல கிராக் ஆஃப் டூம்னு ஒரு தொடர் வரும். அதை ஏதோ பாதாளப் பிளவுனு நினைக்கறவங்க உண்டு, ஆனா அது உலகம் முடியற நாள்ல கேக்கற இடிமுழக்கம். சாட்டைச் சத்தம் எவ்ளோ சுருக்கமோ அவ்ளோ சின்ன நேரத்துக்கும் கிராக்னு பேரு இருந்துச்சு, "இன் எ கிராக்"னா ஒரு நொடில. அந்த மாதிரி ஒரு கணம்தான் கிராக் ஆஃப் டான், விடியல் தலை காட்டற நேரம். "ஐ காட் அப் அட் த கிராக் ஆஃப் டான்"னா கருக்கல்லயே எழுந்துட்டேன்.

"லெட் மீ ஹேவ் எ கிராக் அட் இட்"னா நான் ஒரு தடவை முயற்சி பண்ணி பாக்கறேன், அமெரிக்கால ஹேவுக்கு பதிலா டேக்கும் வரும், பின்னாடி வர்ற "அட்"ங்கற சொல்லை மட்டும் விட்டுடாதீங்க. கெட் கிராக்கிங்னா சட்டுபுட்டுனு ஆரம்பி. கிராக் ஆன்னா நிறுத்தாம வேலையை தொடரு, இது பிரிட்டிஷ் ஆட்களோட பேச்சு. கிராக் டவுன்னா அதிகாரத்துல இருக்கறவங்க இறுக்கிப் பிடிக்கறது, பின்னாடி ஆன் வரும், சேத்து ஒரே சொல்லா எழுதினா பெயர்ச்சொல். இந்த நாலும் மெயில்ல, நியூஸ்ல தினமும் வர்றது, நாலையும் சத்தமா சொல்லி வாயில பழக்கிக்கங்க.

நெட்டி முறிக்கறதை பத்தி

இது ரொம்ப பேர் கேக்கற சந்தேகம். விரலை இழுத்தா வர்ற சத்தம் எலும்பு உரசறது இல்ல. மூட்டுக்குள்ள வழுவழுனு ஒரு திரவம் இருக்கு, மூட்டு சட்டுனு விலகறப்போ அங்க அழுத்தம் குறைஞ்சு வாயு ஒரு குமிழா பிரியுது. கனடாவோட ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டில 2015ல எம்ஆர்ஐக்குள்ள வச்சு விரலை இழுத்து அந்த குமிழ் உண்டாறதை படமாவே எடுத்தாங்க. மறுபடி அதே விரல்ல சத்தம் வர சுமார் 20 நிமிஷம் ஆகும். டொனால்ட் அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர் 60 வருஷத்துக்கு மேல இடது கைல மட்டும் நெட்டி முறிச்சு, வலது கையை சும்மா விட்டு, ரெண்டு கைலயும் மூட்டுவாதம் இல்லனு எழுதினார், அதுக்கு 2009ல இக் நோபல், அதாவது மொதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கான வேடிக்கைப் பரிசு, கொடுத்தாங்க. இங்கிலீஷ்ல சொல்றப்போ "ஐ கிராக்ட் மை நக்கிள்ஸ்"தான், பிரேக் போட்டீங்கனா எலும்பு முறிஞ்சதா நினைச்சு ஆம்புலன்ஸை கூப்பிட்டுடுவாங்க.

கிளைல முளைச்ச சொற்கள், ஒரு எச்சரிக்கை

கிராக் பின்னாடி ஒரு லகரம் சேந்தா கிராக்கிள். இங்கிலீஷ்ல இந்த விகுதி அதே செயல் சின்னதா திரும்பத் திரும்ப நடக்கறதை சொல்லும், ஸ்பார்க்கும் ஸ்பார்க்கிளும் மாதிரி. ஒரு கட்டை முறிஞ்சா கிராக், அதே கட்டை நெருப்புல கிடந்து படபடனு வெடிச்சா கிராக்கிள், பழைய ரேடியோவோட கரகரப்பும் கிராக்கிள்தான். கிராக்கர்னா மொறுமொறு பிஸ்கட்டும் ஆகும், பட்டாசும் ஆகும், பிரிட்டன்ல கிறிஸ்துமஸ் விருந்துல ரெண்டு பேர் ரெண்டு பக்கம் இழுத்து வெடிக்கற காகித உருளையும் ஆகும், அது 1840கள்ல லண்டன் மிட்டாய் வியாபாரி டாம் ஸ்மித் ஆரம்பிச்ச பழக்கத்துல இருந்து வளந்தது. சில்வண்டுக்கு இங்கிலீஷ்ல கிரிக்கெட்னு பேரு, அதுவும் கிறீச்சிடறதை சொல்ற ஒரு பழைய பிரெஞ்சு சத்தச் சொல்லுல இருந்து வந்தது.

எச்சரிக்கை இதுதான். பெயர்ச்சொல்லா, முன்னாடி எ-வும் த-வும் இல்லாம தனியா கிராக்னு சொன்னா, கொக்கெயின்ல ஒரு வகை போதைப்பொருள்னு அர்த்தம். சூடு பண்றப்போ படபடனு சத்தம் வர்றதால 1980கள்ல அந்த பேர் வந்துச்சு. "ஹேவ் எ கிராக்"னா முயற்சி பண்ணு, அந்த எ விழுந்துட்டா விபரீதம், ஏர்போர்ட் மாதிரி இடத்துல ரொம்பவே கவனம் வேணும்.

இப்போ மூணு வாக்கியம், நீங்களே எந்த வழினு பாருங்க. "ஷீ கிராக்ட் த டோர் அண்ட் லிஸன்ட்", பக்கத்துல லிஸன்ட் இருக்கு, ஒட்டுக் கேக்கறவங்க கதவை உடைக்க மாட்டாங்க, லேசா தொறந்தா. "ஹி கிராக்ட் அப்", இது ஆபத்தான ஒண்ணு, விழுந்து விழுந்து சிரிச்சான்னும் வரும், மனசு உடைஞ்சு நிலைகுலைஞ்சான்னும் வரும், ரெண்டுலயும் அடக்கி வச்சது ஏதோ வெடிக்குது, முந்தின வரில ஜோக் இருந்ததா துக்கம் இருந்ததானு போய் பாருங்க. "ஹேவ் யூ கிராக்ட் இட்?", இங்க இட் எதுனு தெரியாம பதில் சொல்லவே முடியாது, அது புதிரா இருந்தா விடை கிடைச்சுதானு கேக்கறாங்க, முட்டையா இருந்தா உடைச்சு ஊத்திட்டியானு கேக்கறாங்க, போனா இருந்தா உங்க ஸ்கிரீனை இப்பவே திருப்பி பாத்துக்கங்க.